அவன் கிடாருக்குள் உன் டிரம்ஸ்

சதீஷ்,

தமிழில் எழுதியிருக்கிறேனே என்று அலுத்துக்கொள்ளாதே. வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். போனில் பேசி அனுப்பினால் நீ வேகத்தைக் கூட்டி வைத்து, என் குரலை அணில் கத்துவதுபோல் ஆக்கிக் கேட்பாய். இங்கிலீஷில் எழுத எனக்கு வராது. வந்தாலும் நீ கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய். இந்த மராத்தி ஊரில் வளர்ந்த நீ தமிழை மட்டும் எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும், ஒரு வரியைக்கூடத் தாண்ட முடியாது. புரியாத இடத்தில் அப்பாவுக்குப் போன் போட்டுக் கேள். அவர் உன் மனசு நோகாத மாதிரி மாற்றிச் சொல்வார் என்பதால், ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று அவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

நேற்று கௌதம் வீட்டுக்குப் போய் உன் கல்யாணப் பத்திரிகையை வைத்துவிட்டு வந்தேன். நீ சொன்ன மாதிரியே அப்பாவும் நானும் ஜோடியாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சள் குங்குமத்தோடு வைத்துக் கொடுத்தோம். "பழசெல்லாம் விடும்மா, அவனும் எனக்கு ஃப்ரெண்டுதானே, போன்ல அனுப்பினா மரியாதையா இருக்காது, நீயே போய் வெச்சுட்டு வா" என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னாய். பெற்றவளைத் தட்டோடு எதிரி வீட்டு வாசலுக்கு அனுப்புகிறோம் என்று உனக்குத் தோன்றவே இல்லை. நான் மறுப்பேன் என்று அப்பா நினைத்தார். மறு பேச்சுப் பேசாமல் நான் பட்டுப்புடவையை எடுத்தபோதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அங்கே நடந்ததைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் ஏன் இன்னும் ஆறவில்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் நீ ஆறிப்போனது எனக்குப் பிடிக்கவில்லை.

நீயும் ரேணுகாவும் கௌதமும் நம் வீட்டு முன் அறையில் பாட்டுப் பதிவு செய்த மழைக்காலத்தை நினைத்துப் பார். நீ டிரம்ஸ், ரேணுகா பேஸ் கிடார், கௌதம் கிடாரும் பாட்டும். ஸ்டுடியோவுக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே சுத்தமாகப் பதிவு பண்ணலாம் என்று யூடியூபில் பார்த்துவிட்டு வந்து சொன்னவன் நீதான். முதல் நாள் பதிவைக் கேட்டபோது உன் டிரம்ஸ் பழைய பிஸ்கட் டின்னைத் தட்டுவதுபோல் இருந்தது, கிடாருக்குள் வண்டு ரீங்கரித்தது. அன்றிலிருந்து இந்த வீடு என் வீடாக இல்லை. சுவரில் மோதி சத்தம் திரும்பி வருகிறது என்றாய், பழைய துணி சேர்த்துத் தைத்த கோதடிப் போர்வை அத்தனையையும் எடுத்துச் சுவரில் தொங்கவிட்டேன். போதவில்லை என்றாய், பீரோவைத் திறந்து புடவைகளைக் கொடியில் விரித்துக் கட்டினேன். பெரிய டிரம் அதிர்கிறது என்று அப்பாவின் கம்பளியை அதன் வயிற்றுக்குள் திணித்தாய். தலைக்கு மேலே ஒரு மைக் வேண்டும் என்று துணி காயப்போடும் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு போனாய். கிடாரில் இருந்த வண்டு ட்யூப்லைட்டிலிருந்தும் ஃப்ரிட்ஜிலிருந்தும் வருகிறது என்று தெரிந்ததும் இரண்டையும் அணைத்தோம். பால் திரிந்தது, மாவு பொங்கி வழிந்தது, நான் வாயைத் திறக்கவில்லை. ஃபேன் இல்லாமல் வேர்த்துக்கொண்டு, வீட்டை ஒட்டிய கோர்படி லைனில் ரயில் போய் முடியும்வரை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வண்டி போனதும் நீ குச்சியைத் தூக்குவாய். உன் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்த மனுஷர், வாழ்க்கையில் முதல் தடவையாக ரயிலைத் திட்டியது அப்போதுதான்.

மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து வாசித்தால்தான் பாட்டுக்கு உயிர் வரும் என்றீர்கள். ஆனால் ஒரே அறையில் வாசித்தால் உன் டிரம்ஸ் சத்தம் கௌதமின் கிடார் மைக்கில் போய் விழுகிறது. அதற்காகத்தான் அவனுடைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கொண்டுபோய் நம் குளியலறையில் வைத்து, அதன் முன்னால் மைக்கை வைத்தீர்கள். மழைக்கு ஊறிய கதவு, போதாததற்கு அடியில் வயர் வேறு. கதவு மூடவே இல்லை. நான் பழைய துண்டையெல்லாம் இடுக்கில் அடைத்துப் பார்த்தேன். அப்போதும் கௌதமுக்குக் குறைதான். "நீ ரொம்ப ஓங்கி அடிக்கிறடா, என் கிடாருக்குள்ள நீ வந்து விழுற" என்று உன்னை எத்தனை தடவை கடிந்துகொண்டான். கோயம்புத்தூரிலிருந்து வந்து, ஹிஞ்சேவாடிப் பக்கம் உயரமான கட்டடத்தில் ஃப்ளாட் வாங்கியவர்கள் வீட்டுப் பிள்ளை. நம் வீட்டில் வாசிக்கிறோமே என்ற கூச்சம் அவனுக்கு எப்போதும் உண்டு. ஆனால் நம் வீட்டு எலுமிச்சை சாதத்தில் கூச்சம் பார்த்ததில்லை. அவனுக்கென்று ஒரு டம்ளரே வைத்திருந்தேன்.

பதிவு முடிந்ததும், பம்பாயில் தெரிந்தவர் ஒருவர் எல்லாவற்றையும் சுத்தம் பண்ணிக் கொடுப்பார் என்று சொல்லி ஹார்ட் டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனான். நீ வாசல்வரை போய் ரிக்‌ஷா பிடித்துக் கொடுத்தாய். அவ்வளவுதான். போன் எடுக்கவில்லை, எடுத்தால் பிஸி என்றான். பிறகு ஒரு நாள் அந்தப் பாட்டு எல்லார் போனிலும் வந்தது. பேர் அவன் பேர். டிரம்ஸ் என்று வேறு எவனோ ஒருவன் பேர், பேஸ் இன்னொருத்தன். உங்கள் இரண்டு பேரையும் கழற்றி எடுத்துவிட்டு, அவன் கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு மேலே புதுசாக ஆள் வைத்து வாசிக்கவைத்திருக்கிறான். ரேணுகா அன்றைக்கு நம் வீட்டுக் கூடத்தில் நின்று மராத்தியில் அவனைத் திட்டிய திட்டுதான் அவளை நான் மருமகளாக மனசில் வரித்த நேரம். நீ என்ன சொன்னாய்? "விடு ரேணு." என்னிடமும் அதையே சொன்னாய். "விடும்மா."

உனக்கு இது சின்ன வயசிலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எதிர் லைன் பையன் உன் பேட்டை வாங்கிக்கொண்டுபோய் உடைத்து, திருப்பித் தரவே இல்லை. விடும்மா என்றாய். நான் விடவில்லை. அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றேன். திட்டவில்லை, கத்தவில்லை, வேறு பேட் வரும்வரை நின்றேன், வந்ததும் வாங்கிக்கொண்டு வந்தேன். நீ வெட்கப்பட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, ஆனால் அந்தப் பேட்டால் விளையாடினாய். உன் அப்பாவும் இந்த விடு ஜாதிதான். இந்த வீட்டில் விடாதவள் ஒருத்தியாவது இருந்ததால்தான் நம்மிடம் பேட் முதல் பாத்திரம்வரை ஏதோ மிச்சம் இருக்கிறது.

அந்தப் பாட்டு வந்ததற்குப் பிறகு நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. அவன் டம்ளரைக் குளியலறையில் ஃபினாயில் ஊற்ற வைத்துக்கொண்டேன். என் போனிலும் அப்பா போனிலும் அந்தப் பாட்டுக்குக் கட்டைவிரலைக் கீழே திருப்பி அழுத்தினேன். எதிர்வீட்டுக் காம்ளே அம்மா கொத்தமல்லி கேட்டு வந்தபோது, அவள் போனையும் வாங்கி அழுத்திவிட்டுத்தான் கொத்தமல்லிக் கட்டைக் கொடுத்தேன். மேடையில் அவன் கிடார்க் கம்பி அறுந்து எல்லாரும் சிரிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வெங்காயம் நறுக்கும்போதும் நினைத்துக்கொள்வேன். கோயிலில் கண்ணை மூடினால்கூட உனக்கு நல்லது கேட்பதற்குமுன் அவனுக்குக் கெட்டதுதான் வாயில் வருகிறது. வயசான காலத்தில் இது நல்லதில்லை என்று அப்பா சொல்கிறார். எனக்கென்னவோ இது மாத்திரையைவிட நன்றாக வேலை செய்கிறது.

ஆனால் என் வயிறு எரிவது பாட்டுக்காக இல்லை. பாட்டு கிடக்கட்டும். நீ டிரம்ஸைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாய், அதையும் பொறுத்துக்கொண்டேன். நீ சாப்பிடும்போது தட்டில் தட்டுவதை நிறுத்திவிட்டாய். பிறந்ததிலிருந்து உன் விரல் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கும். தட்டு, டப்பா, பஸ் சீட்டு, என் முதுகு. எத்தனை தடவை சனியனே நிறுத்து என்று கத்தியிருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும், நீ வேலைக்காகத் தங்கியிருக்கிற ஹிஞ்சேவாடியிலிருந்து வந்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, சத்தமில்லாமல் கேப் ஏறிப் போய்விடுகிறாய். உனக்காக ஒரு மழைக்காலம் முழுக்க இந்த வீட்டின் சத்தத்தை எல்லாம் நான் அணைத்து வைத்தேன். அவன் உன்னையே அணைத்து வைத்துவிட்டான். இதை நான் மன்னிக்க மாட்டேன். நீ மன்னித்துக்கொள், அது உன் இஷ்டம். ஆனால் மன்னிப்பது வேறு, துவண்டு போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பது வேறு. நீ செய்தது இரண்டாவது, அதற்கு முதலாவதின் பேரை வைத்திருக்கிறாய்.

கல்யாணம் ஆகப்போகிறது என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரேணுகா உனக்காகக் கோபப்படும்போது அவளிடம் விடு என்று சொல்லாதே. அவளிடமிருந்தும் ஒரு பாட்டு போயிருக்கிறது, அவள் அதைப் பேசவே இல்லை, உனக்காகத்தான் கத்தினாள். அப்படிப்பட்டவளிடம் விடு என்று சொன்னால் அவள் கோபம் போகாது, உன்மேல் திரும்பும். முப்பது வருஷத்துக்கு மேலாக உன் அப்பாமேல் திரும்பியிருக்கிற என் கோபத்தைப் பார்த்து வளர்ந்தவன் நீ, உனக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் ரேணுகா பிளவுஸ் அளவுக்காக வந்தாள். காகூ என்று அவள் வழக்கப்படி என்னைக் கூப்பிட்டு, நீங்கள் அந்தப் பாட்டை ஒழுங்காகக் கேட்டதே இல்லையே என்று சொல்லி, நான் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். ஆரம்பத்தில் கிடார் மட்டும் வருகிறது. கொஞ்ச நேரம் போனதும் தூரத்தில் ஒரு சத்தம். உஸ்ஸ் என்று எழும்பி, நடுவில் விக்கி, மறுபடி எழுந்து அடங்கியது. நம் வீட்டுக் குக்கர், சதீஷ். அந்த விக்கல் வேறு எந்தக் குக்கருக்கும் கிடையாது. உங்கள் பதிவில் விசில் விழக்கூடாது என்று நான் அடுப்பறையை விட்டு இண்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்க நடையில் வைத்துக் கொண்டைக்கடலை வேகவைத்தேன். அந்த நடை குளியலறைக் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறது, உள்ளே மைக் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. யாருக்கும் கேட்காத இடம் என்று நினைத்து, மைக்கின் காதிலேயே கொண்டுபோய் விசில் அடித்திருக்கிறேன்.

நான் சிரித்தேன். ரேணுகா சிரிக்கவில்லை. குக்கரை விடுங்கள், கிடாருக்குப் பின்னால் கேளுங்கள் என்று ஹிந்தியில் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், தும் தக் தும் தும் தக். நீ. உன் டிரம்ஸ் பதிவு முழுவதையும் அவன் தூக்கி எறிந்துவிட்டான், ஆனால் மூடாத கதவு வழியாக அவன் கிடார் மைக்குக்குள் விழுந்த உன்னை அவனால் எடுக்க முடியவில்லை. எடுத்தால் அவன் கிடாரும் கூடவே போய்விடும் என்று ரேணுகா சொன்னாள். அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் அதற்குள் நீ இருக்கிறாய். உனக்குச் சொல்லாதே என்று அவளிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன். சொல்லியிருந்தால் நீ விடும்மா என்றிருப்பாய். அவன் வீட்டுக்குள் போய் உட்கார எனக்கு அந்தப் பத்திரிகை தேவைப்பட்டது.

இப்போது நேற்றைக்கு வருகிறேன். ஹிஞ்சேவாடிப் பக்கத்து டிராஃபிக்கில் ரிக்‌ஷா நகரவே இல்லை. கோபத்தை வைத்துக்கொண்டு வெற்றிலை பாக்கு கொடுக்கப் போகக் கூடாது என்று அப்பா வழியெல்லாம் முணுமுணுத்தார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. கௌதமின் அம்மா நல்ல மாதிரி. வாங்க வாங்க என்று உட்காரவைத்து, காபி கொடுத்து, பையனைக் கூப்பிட்டார். அவன் வந்தான். காலில் விழுந்தான். நன்றாக இரு என்று வாய் சொல்லியது, வாய்க்கு வேறு பழக்கம் இல்லை. அவன் அம்மா பாட்டின் பெருமையைத் தானாகவே ஆரம்பித்தார். நான் சிரித்துக்கொண்டே, சரியாகக் கேட்டதில்லை, போடுங்களேன் என்றேன். அவன் இப்போது எதற்கு ஆன்ட்டி என்று நெளிந்தான். அதற்குள் அவர் சுவரோரம் இருந்த பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

விசில் வந்தது. "இது எங்க வீட்டுக் குக்கருங்க" என்றேன். அவர் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லி, கிடாருக்குப் பின்னால் கேளுங்கள் என்றேன். அந்தப் பெரிய ஸ்பீக்கரில் உன் சத்தம் நன்றாகவே கேட்டது, சதீஷ். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"அடியில என்னமோ தட்டற மாதிரி கேக்குதுங்களே."

"அது என் பையன்" என்றேன்.

கௌதமின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் அம்மா என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பாட்டை நிறுத்தினார். என்னடா கௌதம் என்று மெதுவாகக் கேட்டார். அவன் என் பக்கம் திரும்பிச் சொன்னான்.

"எவ்வளவோ பார்த்தேன் ஆன்ட்டி. அவனை எடுக்க முடியல."

கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. பாவமாக இருந்தாலும் இனித்தது, உண்மையைச் சொல்கிறேன். இந்த ஒரு வரிக்காகத்தான் நான் இத்தனை நாள் உயிரோடு இருந்தேனோ என்று தோன்றியது. எழுந்து, தட்டை அவன் கையில் கொடுத்தேன்.

"எடுக்க வேணாம்பா, இருக்கட்டும். ரிசப்ஷனுக்கு வா. சதீஷ் தட்டுவான், நீ முன்னாடி நின்னு அந்தப் பாட்டை வாசி. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மைக்கைப் பிடிச்சு, இதுல தட்டினது யாருன்னு எல்லாருக்கும் சொல்லு."

"அவன் இன்னும் வாசிக்கிறானா ஆன்ட்டி?" என்றான். அவன் கேட்டதில் கிண்டல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்றது.

"தினமும்" என்றேன்.

அவன் அம்மா தட்டைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "வருவானுங்க. சொல்லுவானுங்க. நான் சொல்ல வெக்கறேன்" என்றார். அந்த அம்மாவை அப்படிக் குனிய வைத்தது எனக்குச் சந்தோஷமில்லை, அது மட்டும் உறுத்துகிறது. மற்றது எதுவும் உறுத்தவில்லை.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் அப்பா, "தினமுமா?" என்றார்.

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து" என்றேன்.

ஆகவே இப்போது நிலைமை இதுதான். நான் அங்கே தலை நிமிர்ந்து ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அதை உண்மையாக்க வேண்டியது நீ. விடும்மா என்று இந்தத் தடவை சொன்னால் விட்டுப்போவது என் மானம். ரேணுகாவுக்குச் சொல்லிவிட்டேன், அவள் பேஸ் கிடாரோடு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வருகிறாள். காம்ளே அம்மா வீட்டுக்கு முறுக்கு கொடுத்துச் சத்தம் வரும் என்று சொல்லியாகிவிட்டது. கட்டிலுக்கடியிலிருந்து மூட்டையை நானும் அப்பாவும் இழுத்து முன் அறையில் போட்டுவிட்டோம். பெரிய டிரம்முக்குள்ளிருந்த கம்பளியையும் எடுத்தாயிற்று, அப்பாவுக்குக் குளிர்கிறதாம். இந்தத் தடவை பதிவு ஒன்றும் இல்லை. சுவரில் கோதடி தொங்காது, புடவை பீரோவில் இருக்கும், ஃபேன் ஓடும், ரயில் அதன் பாட்டுக்குப் போகும். உனக்குப் பிடித்த கொண்டைக்கடலையை ஊறப்போடுகிறேன். நீ ஓங்கி அடி. நான் பக்கத்திலேயே அடுப்பை வைத்துக்கொண்டு குக்கர் வைக்கிறேன்.

அம்மா